ஒத்தக்கொம்பனும் நம் வீட்டு வெப்ராளமும்

செந்தில்,

உன் அப்பா எழுதுகிறேன். வழக்கமாக முதல் வரியில் நலமா என்று கேட்பேன். இந்த முறை கேட்கவில்லை. நீ நலமாக இல்லை என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை நீயே போனில் சொல்லிவிட்டாய். அதைக் கேட்டு நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் நீ மறந்திருக்க மாட்டாய். அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நான் பொய் சொல்லிவிடுகிறேன், தம்பி. காகிதத்தில் எழுதும்போது கை மெதுவாகப் போகிறது. பொய் சொல்ல நினைத்தாலும் பாதி வரிக்குள் வெட்கம் வந்து பேனாவைப் பிடித்துக்கொள்கிறது. நாளைக் காலை பக்கத்து வீட்டு ஜோசப் கொச்சிக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன், சனிக்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். ஆபீஸ் கேண்டீனில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். யாரும் திட்டவில்லை, கெட்ட செய்தி எதுவும் வரவில்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது, கை சில்லிட்டது, மூச்சு பாதியிலேயே நின்றது, செத்துவிடப் போகிறோம் என்று தோன்றியது. கூட இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, இதற்குப் பெயர் பேனிக் அட்டாக் என்று டாக்டர் சொன்னார். இது மூன்றாவது முறை என்று நீ அவரிடம் சொன்னாய். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டுவரச் சொன்னார். நீ என்னிடம் கேட்டாய். நானோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நம்ம குடும்பத்துல அந்த மாதிரி யாருக்கும் கெடையாதுப்பா" என்றேன். ஏதோ பரம்பரைப் பெருமையைச் சொல்வதுபோல் அதை இரண்டு தடவை வேறு சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் நீ அந்த மற்ற விஷயத்தைச் சொன்னாய். "அப்ப எனக்கு மட்டுந்தான் இப்பிடி. அந்தப் புள்ளைய எதுக்குப்பா இதுல இழுத்து விடணும்? வர்ற ஞாயித்துக்கெழம கவிதாவுக்கு நானே போன் பண்ணி, கல்யாணம் வேணாம்னு சொல்லிர்றேன். அதுவரைக்கும் அம்மாகிட்ட வாயத் தொறக்காதீங்க" என்றாய். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. அதெல்லாம் கிடக்கட்டும், அச்சடித்த காகிதத்துக்காக யாரும் வாழ முடியாது. ஆனால் நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி நீ ஒரு நல்ல பெண்ணை வேண்டாம் என்று சொல்லப் போகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் போய், விறகுக் குவியலுக்கு மறைவில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அப்போது அதேதான் வந்திருந்தது.

நீ கொண்டுவந்த இங்கிலீஷ் பெயர் எனக்குப் புதிது. சரக்கு பழசு. நம் வீட்டில் அதற்கு வெப்ராளம் என்று பெயர். அந்தச் சொல்லை நீ ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாய், அதுதான் சிக்கலே. பால் பொங்கினால் உன் அம்மாவுக்கு வெப்ராளம். பஸ் ஹாரன் கேட்டால் எனக்கு வெப்ராளம். "வெப்ராளம் புடிச்ச மனுசன், வேட்டியத் திருப்பிக் கட்டிக்கிட்டுப் போறாரு பாரு" என்று அவள் சிரிப்பாள், நானும் சேர்ந்து சிரிப்பேன். இந்தச் சில்லறைப் படபடப்புக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட்டதால், நிஜமான ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தபோது அதையும் அதே பெயரில் சிரித்துக் கழித்துவிட முடிந்தது. ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் நான் ஒளிந்துகொண்டிருந்தது இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான்.

இந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லையே குடைந்துகொண்டிருந்தேன். ஆனைக்கரை டீக்கடையில் திங்கட்கிழமை சும்மா பேச்சுவாக்கில், "வெப்ராளம்கிற வார்த்த எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ரிட்டையரான மலையாளம் வாத்தியார் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். "அது ஞங்ஙளுடெ வாக்காணு" என்று சொல்லிவிட்டு, சந்தேகத்துக்கே இடமில்லை என்பதுபோல் பழம்பொரியைக் கடித்தார். கடைக்கார அண்ணாச்சி விடுவாரா? அவர் தூத்துக்குடிப் பக்கம். "அதெப்படி ஒங்க வார்த்த ஆவும்? வெப்புன்னா சூடு, காச்சல். எங்க ஊர்ல அந்தக் காலத்துலயே சொல்லுவாவ. நீங்க எங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டிய" என்றார். வாத்தியார் வீட்டுக்குப் போய் ஒரு தடித்த அகராதியைத் தூக்கி வந்தார். அதில் பொருள் இருந்தது, பரிபிரமம், அதாவது பதற்றம் என்று போட்டிருந்தது. பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு பேருக்கும் முகம் சிவந்துவிட்டது, டீ ஆறிவிட்டது, பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு நடுவராக வந்து உட்கார்ந்தார். வெப்ராளத்துக்கு அர்த்தம் தேடிப் போன இடத்தில் மூன்று பேருக்கு அதைக் கொடுத்துவிட்டு நழுவி வந்துவிட்டேன்.

எனக்கு அண்ணாச்சியின் கட்சிதான் சரியென்று படுகிறது. நான் முப்பத்திரண்டு வருஷமாக ஏலக்காய் ஸ்டோரில், அதாவது பச்சைக்காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தில் வேலை பார்ப்பவன். சூடு எப்படி வரும் என்பது எனக்குத் தெரியும். வெப்ராளம் தொப்புளுக்கு மேலே தொடங்கும். அங்கிருந்து நெஞ்சுக்கு ஏறும்போது சூடாக இருக்கும், கைக்கு வரும்போது அதுவே ஐஸாகிவிடும். சொல்லின் முதல் பாதியில் வெப்பு இருக்கிறது, சரி. மீதியுள்ள பாதி எங்கிருந்து வந்தது என்றுதானே எல்லாரும் சண்டை போடுகிறார்கள்? இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் வெப்பு என்று சொல்லத் தொடங்கியிருப்பான், அதற்குள் அவனுக்கே அது வந்து மீதியை உளறியிருப்பான் என்பது என் கட்சி. இதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. பொருள் மட்டும் எனக்குத் தெரியும். பயத்துக்கு முன்னால் ஒரு பாம்போ ஒரு மேனேஜரோ நிற்கும். வெப்ராளத்துக்கு முன்னால் எதுவும் நிற்காது. தயிர்சாதம்தான் இருக்கும்.

நீ டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டிய குடும்ப விவரம் இனிமேல்தான் வருகிறது. உன் தாத்தா, என் அப்பா, கம்பத்திலிருந்து ஜீப்பில் மேலே வரும்போது மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இறங்கிவிடுவார். நடந்து வந்தால் காலுக்கு நல்லது என்பார். இறங்கும்போது அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா, உன் பெரியத்தை, எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்துக்குள் இருந்ததில்லை. செருப்பெல்லாம் காணாமல் போகும், நான் வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியே வந்துவிடுவாள். கூட்டமும் மேளச் சத்தமும் சேர்ந்து இறுக்கும்போது அவளால் உள்ளே நிற்க முடியாது. பெற்ற மகன் கல்யாணத்திலும் செருப்புக்குக் காவல் நின்றாள். என்ன பாசமில்லாத பொம்பளை என்று ஊரே பேசியது. எனக்கு மட்டும் காரணம் தெரியும், நானும் அவளுக்குத் துணைக்கு என்று வெளியே வந்து நின்றவன்தானே. ஆக நம் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள். இல்லாத ஆள் யார் என்று தேடினால் உன் அம்மா ஒருத்திதான் தேறுவாள், அவளும் வேறு குடும்பத்திலிருந்து வந்தவள்.

இனி என் கதை. இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு சுற்றுகிறேன். உனக்கு அப்போது நான்கு வயது. ஆவணியில் காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஸ்டோரில் தட்டுத்தட்டாகக் காய் உலர்ந்துகொண்டிருந்தது. கடைசிக் கட்டம், அந்த நேரத்தில் சூட்டறையின் கதவைத் திறக்கவே கூடாது. நான் உள்ளே தனியாகத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி இருக்கும். காய் நல்ல பச்சையாக வந்திருந்தது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்போதுதான் வந்தது. சுவரெல்லாம் கிட்டே நெருங்கி வந்தது, தொண்டை அடைத்தது. இங்கேயே செத்துக்கிடப்பேன், சாயங்காலம் காயோடு காயாக உலர்ந்துகிடக்கும் என்னைக் கண்டெடுப்பார்கள் என்று தோன்றியது. கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே ஓடினேன். யாராவது வந்தால் போதும், ஒரு மனித முகத்தைப் பார்த்தால் போதும் என்று இருந்தது. ஸ்டோர் வாசலில் அந்தத் தண்டவாளத் துண்டு தொங்குமே, அதில் இரும்புக் கம்பியால் அடித்தேன். அடித்தேன் என்றால், நிறுத்தவே இல்லை.

அந்த மணியின் கணக்கு உனக்குத் தெரியும். விட்டுவிட்டு அடித்தால் சாப்பாட்டு நேரம், அல்லது வேலை முடிந்தது. விடாமல் அடித்தால் ஆபத்து, எல்லாரும் செடியை விட்டு ரோட்டுக்கு ஓடிவர வேண்டும். நாற்பது பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஏலக்காட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார்கள். முன்னால் சரசு அக்கா, அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. "என்னாண்ணே, என்னா ஆச்சு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டும்போல் இருந்தது. ஓடைப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள். "ஆத்தாடி, ஆனையா?" என்றாள். நாற்பது பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காரணமே இல்லாமல் பயந்துபோய் மணியடித்தேன் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். நான் வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், தலைதான் ஆடியது. அதற்குள் பாதிப் பேர் தோட்டத்து ஜீப்பில் ஏறிவிட்டார்கள். கதவு திறந்துகிடந்த அறையில் ஒரு நாள் காய் நிறம் கெட்டுப்போனது. யானையைப் பார்த்தவன் கதவைப் பார்ப்பானா என்று மேனேஜரே என்னை மன்னித்துவிட்டார்.

தலையாட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் ஜீப் டிரைவர் பாண்டி, தானும் பார்த்ததாகச் சொன்னான். "வளைவுல நின்னுச்சுண்ணே, ஒரு கொம்புதான் இருந்துச்சு" என்று என்னிடமே வந்து வர்ணித்தான். நான் என்ன சொல்ல முடியும், ஆமாம் ஒரு கொம்புதான் என்றேன். அப்படித்தான் ஒத்தக்கொம்பன் பிறந்தான். காட்டிலாகாக்காரர்கள் பாவம், இரண்டு நாள் பட்டாசும் கையுமாக ஓடையைச் சுற்றித் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை என்றதும், அது விவரமான ஆனை என்று ஊரில் பேர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் வீட்டு வாழை சாய்ந்தாலும் ஒத்தக்கொம்பன்தான். பாண்டி ஜீப்பைப் பள்ளத்தில் இறக்கிய அன்றும் குறுக்கே வந்தது ஒத்தக்கொம்பன்தான், சாராய வாடை யார்மேல் அடித்தது என்று யாரும் கேட்கவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இரண்டு வருஷம் கழித்து ஓடைப் பக்கம் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டு நானே ஓடிவந்து வீட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே வந்து மூச்சு வாங்கும்போதுதான், அந்த யானையை விட்டது நான்தானே என்று ஞாபகம் வந்தது.

இதுவரைக்கும் நீ சிரித்திருந்தால் நல்லது. இனி நான் சொல்லப்போவதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அஞ்சாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்துக்கு ஓடைப் பலகைப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருநாள் காலையில் நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். கூட்டாளிகள் எல்லாரும் அந்தக் கரைக்குப் போய்விட்டார்கள். நீ மட்டும் இந்தக் கரையில், புத்தகப் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். நெற்றியெல்லாம் வேர்வை. "அப்பா, கால் வர மாட்டேங்குதுப்பா. ஒத்தக்கொம்பன் அங்கிட்டு நிக்கிது" என்றாய். அந்தப் பக்கம் எதுவும் இல்லை என்பது உலகத்திலேயே சத்தியமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் பக்கத்தில் குனிந்து, அப்படி ஒரு ஆனையே இல்லடா, அப்பாவுக்கு அன்னைக்கு வெப்ராளம் வந்துச்சு, உனக்கு வந்திருக்கிற இதே வெப்ராளம்தான் என்று காதில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "ஆம்பளப் பயலுக்கு என்னடா வெப்ராளம்? நட!" என்று எல்லார் முன்னாலும் உன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். நீ நடந்தாய். பலகையின் நடுவில் உன் டவுசர் நனைந்தது. அந்தக் கரையில் பையன்கள் சிரித்தார்கள்.

அன்றைக்குப் பிறகு, பயமாக இருக்கிறது என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை. நான் அதைப் பெருமையாக வேறு ஊரில் சொல்லித் திரிந்தேன், என் மகன் தைரியசாலி, ஒரே தள்ளில் சரியாகிவிட்டான் என்று. பத்தொன்பது வருஷம் கழித்துப் போன ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடியும் என்னிடம் சொன்னாய். நான் மறுபடியும் தள்ளிவிட்டேன். எங்கள் யாருக்கும் இல்லை, உனக்கு மட்டும்தான் என்று சொல்வது பலகையில் தள்ளுவதைவிட மோசம் என்பது விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. என்னை மன்னித்துவிடு, செந்தில். பெரிய மனுஷன் தோரணையில் இதைச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

சரி, திங்கட்கிழமை டீக்கடையிலிருந்து நழுவி வந்து, முதல் வேலையாக உன் அம்மாவிடம் என் விஷயத்தைச் சொன்னேன். பயப்படாதே, உன் விஷயத்தைச் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு இளவயதிலிருந்தே இப்படி வரும், ஸ்டோரில் அன்றைக்கு வந்தது அதுதான், யானை எதுவும் வரவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், ஏங்க இத்தனை நாளும் சொல்லலை என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஆனை வரலயா?" என்றாள். இல்லை என்றேன். "யோவ், அந்த ஆனைக்குப் பயந்துக்கிட்டு ஓடைக்குப் போகாம, மேட்டச் சுத்தி எத்தன வருசம்யா தண்ணி சொமந்தேன்? குழாய் வர்ற வரைக்கும் சொமந்தேனே! என் இடுப்பு வலிக்கு மருந்து தடவிவிட்டீரே, அப்பக்கூட வாயத் தொறக்கலயே நீரு!" என்று எழுந்துபோய்விட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் வந்தது, அதுவும் சத்தத்தோடு வந்தது.

புதன்கிழமை காலையில் அவளே வாயைத் திறந்தாள். "அப்ப ஒங்கக்கா செருப்புக்குக் காவல் நின்னது?" என்று கேட்டாள். அதுவும் இதுதான் என்றேன். "ஒங்கப்பாரு ஜீப்புல இருந்து எறங்குனது?" அதுவும்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள். "இம்புட்டு வருசம் ஒத்தையில கெடந்து என்னாத்துக்குய்யா சீரழிஞ்ச?" என்றாள். சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று நினைத்தேன், வேறென்ன. முப்பத்தைந்து வருஷமாக மதிப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த வீட்டில், வெப்ராளம் புடிச்ச மனுசன் என்றுதானே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி கொஞ்சம்தான். அந்த டாக்டர் திரும்ப வரச் சொன்னாரே, போ. மாத்திரை கொடுத்தால் சாப்பிடு, பேச ஆள் சொன்னால் போய்ப் பேசு. நானும் கட்டப்பனையில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கியிருக்கிறேன், உன் அம்மாதான் கூட வருகிறாள், வழியெல்லாம் யானையைப் பற்றிப் பேசுவாள், பேசட்டும். அப்புறம், அது வரும்போது காரணம் தேடாதே. நான் தேடித்தான் ஒரு யானையைப் பிடித்துவந்தேன். நீ இப்போது தேடிப்போய்க் கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், அதுதான் காரணம், அதை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகும் என்று. ஆகாது, தம்பி. கல்யாணம் இல்லாவிட்டாலும் தயிர்சாதம் இருக்கும்.

கடைசியாக ஒன்று. இதற்கு நீ கோபப்படலாம். நேற்று மத்தியானம் நான் கவிதாவுக்குப் போன் செய்தேன். உன் பெயரை எடுக்கவில்லை. உன் விஷயத்தில் ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை, இது சத்தியம். என் மருமகளாக வரப்போகிறவள், நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? கொழிஞ்சாம்பாறையில் அவர்கள் வீட்டில் தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, பின்னால் பொத்துப் பொத்தென்று சத்தம். "சொல்லுங் மாமா, நல்லாருக்கீங்களா?" என்றாள். எனக்கு ஒரு வியாதி இருக்கும்மா, பொண்ணு பார்க்க வந்தன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லாமல் விட்டுவிட்டோம் என்று தொடங்கினேன். நெஞ்சடிப்பு, ஐஸ் கை, சூட்டறை, தண்டவாளம், ஒத்தக்கொம்பன், செருப்புக் காவல், எல்லாவற்றையும் சொன்னேன். யானை வந்த இடத்தில் சிரித்தாள். மீதி நேரமெல்லாம் உம் கொட்டிக்கொண்டு கேட்டாள். என் அப்பாவுக்கு, அக்காவுக்கு, எனக்கு என்று நான் வரிசையாகச் சொல்லி நிறுத்தியதும் போனோடு தள்ளிப் போனாள் போல, தேங்காய்ச் சத்தம் குறைந்தது. "அவருக்கும் வருமுங்களா?" என்றாள்.

அத அவன்கிட்டத்தான்மா கேக்கணும் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், இந்த முறை தலையைக்கூட ஆட்டவில்லை. "செரிங் மாமா. ஞாயித்துக்கெழம பேசறேன்னு சொல்லீருக்காரு, கேட்டுக்கறனுங்க" என்றாள். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஏனுங் மாமா, அது வர்றப்ப பக்கத்துல இருக்கறவங்க என்னங்க பண்ணோணும்?" என்று கேட்டாள்.

என்னிடம் இதுவரை ஒருவரும் இதைக் கேட்டதில்லை, செந்தில். கேட்பதற்கு நான் யாருக்கும் இடம் கொடுக்கவும் இல்லை. ஒண்ணும் பண்ண வேணாம்மா, பக்கத்துல உக்காந்து ஒரு கையப் புடிச்சுக்கிட்டா போதும், பத்து நிமிசத்துல அதுவா எறங்கீரும் என்றேன். "அவ்வளவுதானுங்களா?" என்றாள், ஏதோ பெரிய வேலையாக இருக்கும் என்று சேலையைச் செருகிக்கொண்டு காத்திருந்தவள் மாதிரி. அவ்வளவுதான் என்றேன். அடுத்து அவள் ஒன்று கேட்டாள், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு வந்தபோதெல்லாம் யாரும் பிடித்ததில்லை, நான் எப்படிச் சொல்வது? அதையும் உன்னிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ எதையும் தொடங்குவதற்கு முன்னால் அவள் கேட்டுவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன், அதனால் இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

"எந்தக் கைங்க மாமா?"

இப்படிக்கு,
உன் அப்பா